பூட்டைத் திறக்கும் வேளை

நீர்வேலியிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வாழைத் தோட்டத்து வருமானத்திற் பிள்ளைகளைப் படிப்பித்தவர் என்பது முதற் பக்கத்திலேயே தெரிந்தது. மூத்த மகன் தொழினுட்பக் கல்லூரியிற் பயின்று, இப்பொழுது காற்றாலை மின்னிலையமொன்றிலே பராமரிப்பு வேலை பார்க்கின்றான். “அவன் உயரத்தில் ஏறுவதைப் பற்றி நான் அதிகம் அஞ்சவில்லை. பனை ஏறிய கைகளை நம் ஊர் எத்தனையோ கண்டிருக்கிறது. ஆனால், ‘அம்மா, ஏறுவதில் ஒன்றுமில்லை; பூட்டைத் திறக்கிற நேரந்தான் மனம் திக்கென்கிறது’ என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனான். அது என்ன பூட்டு? பூட்டுவதற்கல்லாமல் திறப்பதற்கு ஏன் அஞ்சவேண்டும்?” என்பது அவர் கேள்வி.

கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. மேசைக்கு முன்னிருந்து விடை எழுதிவிட மனம் வரவில்லை. மகன் விடுமுறையில் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையை அறிந்து, நாமும் பருத்தித்துறை வீதி வழியே கோப்பாயைக் கடந்து நீர்வேலிக்குச் சென்றோம். சோளகக் காற்று வீசும் காலம். செம்மண் தோட்டங்களில் வாழையிலைகள் கிழிந்து படபடத்துக் கொண்டிருந்தன. அந்த வீட்டுக் கிணற்றடியிலே மின்சார மோட்டார் பூட்டியிருந்தது. அதனருகே பழைய துலாவின் ஆடுகால்கள் இரண்டும் இன்னும் விழாமல் நின்றன. அவற்றைப் பிடுங்க விடவில்லையாம் வீட்டுப் பெரியவர். பையனுக்கு அவர் அப்பு, எண்பதைத் தாண்டியவர்.

வாசகர்களுள் மாணவரும் உளராதலால், பூட்டுக்கு வருமுன் பொறியைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். மன்னார்த் தீவில் இலங்கை மின்சார சபை அமைத்து, 2020 டிசம்பரிற் திறக்கப்பெற்ற ‘தம்பபவனி’ காற்றாலைகளை வீதியிற் செல்வோர் பார்த்திருப்பர். முப்பது காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று வலுவுடையது, மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒன்றின் இறகுகள் சுழன்று வரையும் வட்டத்தின் குறுக்களவு 126 மீற்றர். அவ்வட்டத்தின் பரப்பளவை நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய மூன்று ஏக்கர் வருகின்றது. தோட்டக்காணிக்குப் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது நம்மூர்க் கணக்கு. அதன்படி 49 பரப்பு. நீர்வேலியில் 49 பரப்புத் தோட்டம் உடையவரைப் பெரிய கமக்காரர் என்போம். அந்த அளவு காணியை நிமிர்த்திக் காற்றுக்கு முன்னே நிறுத்தினாற்போல ஒரு பொறி நிற்கின்றது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுமந்துவரும் வலு எட்டு மடங்காகும் என்பது பௌதிகம். சோளகம் ஒரு முறை சீறினால் என்ன ஆகுமென்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய சுழலியை நிறுத்துவது எப்படி? இதில் மூன்று காவல்கள் உண்டு. முதலாவது காவல் இறகுகளே. சுளகை நேரே நிமிர்த்திப் பிடித்தாற் காற்று அதைப் பிடித்துத் தள்ளும். திருப்பி விளிம்பைக் காட்டினால் காற்று இரு புறமும் வழுகிப் போய்விடும். அவ்வாறே இறகு ஒவ்வொன்றும் தன் அடியிலே திரும்பி, விளிம்பைக் காற்றுக்குக் காட்டி ஒதுங்கிக் கொள்ளும். ஓடும் சுழலியை அடக்குவது உண்மையில் இதுவே. இரண்டாவது, இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிறேக். கியர்ப்பெட்டியுள்ள காற்றாலைகளில் இது பெரும்பாலும் பெட்டிக்குப் பின்புறம், வேகமாய்ச் சுழலும் தண்டிலே இருக்கும். அடங்கிய சுழலியை அசையாமற் பிடித்து வைப்பதற்கு இது போதும். முழுக் காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடும் சுழலியை இது மாத்திரம் வெகுநேரம் தடுத்து நிறுத்தும் என்று எவரும் நம்பியிருத்தல் கூடாது.

மூன்றாவதுதான் அம்மையார் கேட்ட பூட்டு. சுழலியோடு சேர்ந்து சுழலும் பெருந்தண்டிலே துளைகள் உள்ள ஒரு வட்டத் தட்டு இருக்கும். அசையாத உடற்பாகத்திலிருந்து தடித்த உருக்கு ஆணியொன்று, சிலவற்றில் இரண்டு, அத்துளைக்குள் நுழையும். சிலவற்றிற் திருகி நுழைப்பர். சிலவற்றில் எண்ணெயழுத்தம் தள்ளும். கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, சுழலிக்கு இந்தப் பூட்டாணி அப்படி. வண்டிச் சில்லின் நடுவிலுள்ள குடத்தைப் போல, மூன்று இறகுகளும் வந்து பொருந்தும் குடமொன்று சுழலியின் நடுவே உண்டு. உள்ளே மனிதர் நுழைந்து போல்ற்றுகளை இறுக்கவும், இறகு திருப்பும் பொறிகளுக்குப் பசையிடவும் வேண்டும். பூட்டாணி நுழையாமற் குடத்துக்குள் ஒருவர் நுழைதல் ஆகாது என்பது அத்தொழிலின் முதல் விதி.

“பூட்டும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கும், ஐயா” என்றான் பையன். “காலையிலே ஏறியிருப்போம். உடம்பிலே தென்பு இருக்கும். உள்ளே நுழையப் போகிறவன் தன் உயிருக்காக ஆணி சரியாகப் போய்விட்டதா என்று மூன்று முறை பார்ப்பான். திறக்கிறது பின்னேரம். களைத்துப் போயிருப்போம். வேலை முடிந்தது, இறங்கலாம் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்புத்தான் ஆபத்து.”

பக்கத்திலே சாய்மனைக் கதிரையிலிருந்த பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “இது துலாக் கதைதானே!” என்றார். எமக்கு விளங்கவில்லை, அவரே விளக்கினார்.

துலாவின் அடிப்பக்கம் பாரமானது. நுனியிலே துலாக்கொடியும் பட்டையும் தொங்கும். கொடி இற்றுப்போனால் மாற்றவேண்டும். அதற்காக நுனியைத் தாழ்த்தி ஆடுகாலோடு அல்லது பக்கத்துப் பூவரசோடு இறுகக் கட்டி வைப்பார்கள். கட்டும்போது நாலு பேர் நின்று இழுப்பார்கள். சத்தமும் சிரிப்புமாக இருக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொடி மாற்றி முடிந்ததும், ஒருவன் தனியே போய்க் கட்டை அவிழ்ப்பான். அந்நேரம் அடிப்பக்கத்திலே ஒரு பிள்ளை விளையாடிக் கொண்டிருக்கலாம். ஓர் ஆடு மேயலாம். கட்டு அவிழ்ந்த மாத்திரத்தில் அடித்துலா விழும். “அவிழ்க்கிறதுக்கு முன்னம் அடிப்பக்கத்தைப் பார் எண்டு என்ரை ஐயா சொல்லுவார். பார்த்தாற் போதாது, கூப்பிட்டுக் கேள் எண்டும் சொல்லுவார். பாத்த பிறகும் பிள்ளை ஓடி வரும்” என்றார் பெரியவர்.

பையன் தன் அப்புவை வியந்து நோக்கினான். தனக்குப் பயிற்சி வகுப்பிலே பல நாள் படிப்பித்ததை அவர் கிணற்றடியிலே நின்று சொல்லிவிட்டாரே என்ற வியப்பு. நமக்கும் அவ்வியப்பு உண்டாயிற்று. கட்டி வைத்த பொருளிலே பலம் அடங்கிக் கிடக்கின்றது. கட்டு அந்தப் பலத்தை இல்லாமற் செய்வதில்லை, மறைத்து வைக்கின்றது. அவிழ்ப்பவனே அதை மறுபடி வெளியே விடுகின்றவன்.

அடுத்தடுத்து என்ன செய்வார்கள் என்று கேட்டோம். அவன் கூறியவற்றை நமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். காற்றாலைக்குக் காற்றாலை சில வேறுபாடுகள் உண்டு; ஆக்கியோர் தந்த கைந்நூலிலே வகுத்த வழிதான் இறுதியானது என்பதையும் அவன் மறவாமற் சொன்னான்.

முதலிற் குடத்துக்குள்ளிருந்து ஆட்கள் யாவரும் வெளியேற வேண்டும். “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டு, “ஓம்” என்ற குரல் வந்தாற் போதாது, முகத்தைக் கண்டு எண்ண வேண்டும். ஆயுதங்களையும் எண்ண வேண்டும். உள்ளே மறந்துவிட்ட ஒரு சாவி, சுழலி சுற்றத் தொடங்கியதும் உலோகப் பறையிலே கல்லைப் போட்டாற்போல் உருண்டு எதை உடைக்கும் என்று சொல்லமுடியாது. பின்னர் இறகுகளைத் தனித்தனியே பூட்டியிருந்தால் அப்பூட்டுக்களை நீக்கி, மூன்று இறகுகளும் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வாயில் மூடப்படும். காற்றின் வேகம் அளக்கப்படும். ஒவ்வொரு காற்றாலைக்கும் ஆக்கியோர் விதித்த எல்லை ஒன்றுண்டு. எல்லையைக் காற்று மீறி நின்றாற் காத்திருக்க வேண்டியதுதான்.

அதன் பின் பிறேக்கைப் பிடிக்கச் செய்வார்கள். அழுத்தமானியிலே முள் உரிய இடத்துக்கு ஏறிவிட்டதா என்று கண்ணாற் காண்பார்கள். இதற்கு முந்தி ஆணியிற் கை வைத்தல் பெரும் பிழை. ஆணி தாங்கிக்கொண்டிருக்கும் சுமையை ஏற்பதற்கு வேறொரு கை வந்து சேர்ந்த பின்பே, ஆணியை விடுவிக்கலாம்.

இனி ஆணி. இங்கே நாம் சற்று நிற்போம். ஏனெனில் அனுபவமில்லாதவர் தடுமாறும் இடம் இதுதான். சுழலி ஒருபோதும் முழுச் சமநிலையில் நிற்பதில்லை. காற்று ஒரு பக்கம் தள்ளும். மூன்றில் ஓர் இறகைக் கழற்றியிருந்தால் பாரம் மிகப் பெரிதாய் ஒரு பக்கம் இழுக்கும். அத்தள்ளல் முழுவதும் துளையின் ஒரு சுவரினூடாக ஆணியின்மேல் வந்து சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்ந்திருக்கும் ஆணி இழுத்தால் வராது. வராத ஆணியைக் கண்டதும் மனிதனுக்கு இயல்பாக எழும் எண்ணம் சுத்தியலை எடுப்பது. நாம் அறிந்த மட்டில் இதனினும் கெட்ட எண்ணம் வேறில்லை. வர மறுக்கும் ஆணி ஒரு செய்தி சொல்கின்றது: “என்மேற் சுமை இருக்கிறது.” சுத்தியலால் அதை அடித்து வெளியேற்றினால், அச்சுமை ஒரே இமைப்பில் எங்கோ போய் விழும், ஆணியும் தெறிக்கலாம்.

செய்யவேண்டியது, சுழலியை ஒரு மயிரிழை பின்னே நகர்த்தி, ஆணியைத் துளையின் நடுவுக்குக் கொண்டுவருவது. அதற்கென உள்ள கருவியாற் பின்தண்டை மெதுவாகத் திருப்புவர். கியர்ப்பெட்டியின் பற்களுக்கிடையே சிறு இடைவெளி எப்பொழுதும் உண்டாதலால், பின்தண்டிலே பிறேக் இறுகப் பிடித்திருந்தாலும் முன்னேயுள்ள பெருஞ்சுழலி சற்று அங்குமிங்கும் அசையும். அவ்வசைவைப் பிறேக்கின் தவறு என்று கருதி வெருளவும் கூடாது. அதன் நடுவே விரலை நுழைத்துப் பார்க்கவும் கூடாது. சுமை நீங்கிய ஆணி, பதம் பார்த்து நெய் பூசிய தாழ்ப்பாள் போலத் தானே வழுகி வரும். பாதியில் நிற்றல் ஆகாது. முழுதாக வெளியே வந்து தன் இருப்பிடத்திற் தங்கிவிட்டதைக் காண வேண்டும். இரண்டு ஆணியிருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றை உருவி மற்றதை மறந்துவிட்டுப் பிறேக்கைத் தளர்த்தினால், அந்த ஒன்றின் மேல் முழுப் பாரமும் இடிக்கும்.

இதை மாணவர்கள் வீட்டிலே பரீட்சித்துப் பார்க்கலாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, முன்சில்லின் விளிம்பில் ஒரு பக்கமாகச் சிறிய கல்லொன்றைக் கட்டுங்கள். கல் கீழே இறங்கிவிடாதபடி கம்பிகளுக்கிடையே ஒரு தடியைச் செருகிச் சில்லைத் தடுத்து நிறுத்துங்கள். இனித் தடியை இழுத்தால் இறுகி நிற்கும். பலவந்தமாய் இழுத்தாற் சில்லு திடீரெனச் சுழலும். மற்றக் கையாற் சில்லின் புறவிளிம்பைப் பிடித்துச் சற்றே பின்னுக்குத் திருப்புங்கள்; தடி இலகுவாக வந்துவிடும். உங்கள் கைதான் பிறேக். கம்பிகளுக்கிடையே மாத்திரம் விரல் வைக்கவேண்டாம். அம்மாமார் நம்மீது குறை சொல்வார்கள்.

ஆணி வெளியே வந்துவிட்டது. இனி எல்லோரும் சுழலும் பாகங்களை விட்டு விலகி நிற்க, பிறேக் மெல்லத் தளர்த்தப்படும். சுழலி சோம்பலாக அசையத் தொடங்கும். அது விரைந்து வேகம் பிடித்தால் எங்கோ பிழை என்பது பொருள்; உடனே மறுபடியும் பிறேக்.

இத்தனை படிகளில் ஒன்றைத் தவற விட்டால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2007 ஓகஸ்ட் 25 ஆம் நாள், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து ஷேர்மன் மாவட்டத்திலே ஒரு காற்றாலையில் மூவர் பராமரிப்பு வேலை செய்தனர். பிறேக்கினாற் சுழலியை நிறுத்திவிட்டு ஒருவர் குடத்துக்குள் நுழைந்தார். மூன்று இறகுகளையும் காற்றை முழுதாக எதிர்கொள்ளும் நிலைக்குத் திருப்பினார். உள்ளே தாம் வேலை செய்கையில் இறகுகள் திரும்பித் தமக்குத் தீங்கு விளையாதிருக்க, இறகு திருப்பும் பொறிகளை ஒவ்வொன்றாக மூடினார். இம்மட்டும் தமது பாதுகாப்புக்கெனச் செய்தது. வேலை முடிந்து வெளியே வந்தபோது மூடிய மூன்றையும் மறுபடி திறந்துவிடவில்லை. பிறேக் தளர்த்தப்பட்டது. இறகுகள் சுளகை நிமிர்த்தியது போல நின்றன. ஒதுங்கிக் கொள்ளவும் அவற்றால் இயலவில்லை. சுழலி அளவு கடந்த வேகம் பிடித்தது. ஓர் இறகு கோபுரத்திலே மோதக் கோபுரம் முறிந்து வீழ்ந்தது. உச்சியில் இருந்தவர் மாண்டார். கோபுரத்தினுள் இருந்த மற்றவர் காயத்தோடு தப்பினார். வெளியே நின்ற மூன்றாமவருக்கு ஒன்றும் நேரவில்லை.

அம்மாநிலத்தின் தொழிற் பாதுகாப்புப் பகுதியினர் ஆராய்ந்து, 2008 இல் தம் முடிபை வெளியிட்டனர். கோபுரத்தின் கட்டுமானத்திற் குறை காணப்படவில்லை. அங்கு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் இவ்வகைக் காற்றாலையில் இரண்டு மாத அனுபவங்கூட இல்லை. மேற்பார்வையாளரும் அவ்விடத்தில் இருக்கவில்லை. மூடியவற்றைத் திறவாமற் பிறேக்கைத் தளர்த்தினால் இப்படியொரு பேரழிவு நேரும் என்பதை அவர்கள் அறிந்திருக்கவுமில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். பூட்டுப் போட மறந்ததால் வந்த கேடு என்றுதான் முதலிற் கருதத் தோன்றும். உண்மை வேறு. பூட்டுக்கள் இருந்தன, சரியாகவே போடப்பட்டன. ஒன்று திறக்கப்படாமல் இருக்க மற்றொன்று திறக்கப்பட்டது. காப்பதற்கென இட்ட பூட்டே, திறக்கும் ஒழுங்கு மாறியதும் பொறியின் தற்காப்பைப் பறித்துவிட்டது. மாண்டவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எதைத் திறந்த பின் எதைத் திறக்க வேண்டும், ஏன் திறக்க வேண்டும் என்று அவருக்கு நின்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்க ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இது தூர தேசத்துக் கதை என்று இருந்துவிட முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றிலே, முப்பந்தலைச் சூழ, தமிழ் நாட்டு இளைஞர் எத்தனையோ பேர் நாள்தோறும் இவ்வேலைக்காக ஏறி இறங்குகின்றனர். நம் வடபுலத்திலும் பளைப் பகுதியிற் காற்றாலைகள் நின்று பத்தாண்டுகளாகிவிட்டன, மன்னாரும் சேர்ந்துகொண்டது. மின்சாரம் வந்தது என்று மகிழும் நாம், அந்தக் கூட்டுக்குள்ளே முழங்காலில் நின்று ஆணியைப் பார்க்கும் பிள்ளையை நினைப்பது அரிது.

இவையெல்லாவற்றையும் அம்மையார் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: “நீ குடத்துக்குள்ளை நிக்கேக்கை வேறை ஆரும் வந்து திறந்தால்?”

பையன் எழுந்து போய்த் தன் பையிலிருந்து சிவப்பு நிறப் பூட்டொன்றை எடுத்து வந்தான். உள்ளங்கையில் அடங்கும் சிறு பூட்டு. அவன் பெயரும் படமும் ஒட்டியிருந்தன. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் பொறியின் கட்டுப்பாட்டிடத்தில் மாட்டிவிட்டுத் திறப்பைத் தம்முடனே வைத்துக்கொள்வார்களாம். நாலு பேர் போனால் நாலு பூட்டுத் தொங்கும். நாலாவது பூட்டும் கழலும் வரை பொறி அசையாது. ஒருவர் பூட்டை மற்றொருவர் கழற்றுதல் கூடாது. தலைமை வகிப்பவராயினும் கூடாது.

அம்மையார் பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரேயொரு திறப்புத்தானா என்று கேட்டார். ஒன்றுதான் என்றான். தொலைந்து போனால்? பூட்டுக்காரனைத் தேடிப் பிடித்து, அவன் உள்ளே இல்லை என்பதை நேரிற் கண்ட பின்புதான் பூட்டை அறுப்பார்கள் என்றான்.

“தொலையவும் பூட்டை வைச்சிருக்கிறவனைத் தேடுவினம்” என்று அவர் தமக்குள்ளே ஒரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு உள்ளே போய், சட்டைப் பித்தான்கள் போட்டு வைக்கும் டப்பாவிலிருந்து தடித்த கறுத்த நூலொன்றை எடுத்து வந்து, திறப்பைக் கோத்து, மகனிடம் கொடுத்துக் கழுத்திலே போடச் சொன்னார். அவன் அப்பு, கதிரையில் இருந்தபடியே, “முடிச்சு இறுக்கமோ எண்டு பார்” என்றார்.